குவளை எம்முடையது, மருந்து எவருடையது?

முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து இதோ வருகிறது, அதோ வருகிறது என்று மேனாட்டுப் பத்திரிகைகள் முழங்கிக்கொண்டிருக்கின்றன. கோடீசுவரர்கள் இதற்கென்றே கம்பனிகள் தொடங்குகின்றார்கள். மனித உடலினுள் ஓயாது தொழிற்படும் நொதியங்களுள் எதனை அடக்கினால் நோய் தணியும், எதனைத் தூண்டினால் ஆயுள் நீளும் என்று ஆய்வுக்கூடங்கள் இரவு பகலாகத் தேடுகின்றன. இச்செய்திகளைப் படிக்கும் நம்மவரிற் பலர், இவையெல்லாம் அமெரிக்காவிலும் சுவிற்சர்லாந்திலும் நடக்கும் காரியங்கள், கண்டிக்கும் கம்பளைக்கும் இதில் என்ன வேலை என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுகின்றனர். அப்படி மடித்து வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறோம். ஏனெனில் இந்த நூதன வைத்தியத்தின் ஒரு கிளைக்கு வேர், உவமையாக அன்றி உண்மையாகவே, இந்நாட்டு மண்ணில் இருக்கிறது.

இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் தென்னிந்தியக் காடுகளிலும் படர்ந்து ஏறும் ஒரு கொடி உண்டு. தண்டு மரம் போல் வைரம் பாய்ந்தது. சிங்கள மக்கள் அதனைக் கொத்தல ஹிம்புட்டு என்பர். தமிழ் வைத்தியர் பொன்கொரண்டி என்பர். தாவரவியலார் வைத்த பெயர் சலேசியா ரெட்டிகுலாற்றா. இந்தக் கொடியின் தண்டைக் கடைந்து குவளை செய்து, இரவில் அதில் நீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் அந்நீரை நீரிழிவுக்காரர் பருகுவது இத்தீவில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். எத்தனையோ கண்டி வீடுகளில் அப்படி ஒரு குவளை அடுப்படித் தட்டில் இருப்பதைக் காணலாம். படித்தவர் அதனைப் பார்த்து நகைத்த காலமும் உண்டு. நகைத்தவர்களுள் சிலர் இன்று அதே பொருளை வில்லையாக வெளிநாட்டிலிருந்து தருவித்து விழுங்குகிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த நீரிலே என்னதான் இருக்கிறது? நாம் உண்ணும் சோறும் பாணும் ரொட்டியும் மாப்பொருள். அதனை வாயிலும் குடலிலும் ஊறும் ஒருவகை நொதியம் முதலில் துண்டு துண்டாக வெட்டுகிறது. அத்துண்டுகளைக் கடைசியாக வெட்டிக் குளுக்கோசு ஆக்கி இரத்தத்திற்கு அனுப்பும் வேலை, சிறுகுடலின் சுவரில் நிற்கும் அல்பா குளுக்கோசிடேசு என்னும் நொதியக் கூட்டத்தினுடையது. நீரிழிவுக்காரர் உண்டு முடித்த சற்று நேரத்தில் சர்க்கரை குதித்து எழுவதற்கு இந்தக் கடைசி வெட்டின் விரைவும் ஒரு காரணம். பொன்கொரண்டியில் உள்ள ஒரு பொருள் அந்த நொதியத்தின் கண்ணுக்குச் சர்க்கரையைப் போலவே தோன்றுகிறது. பூட்டுக்குள் தவறான திறப்பை இட்டாற்போல அது உள்ளே போய் அமர்ந்துகொள்கிறது. திரும்புவதுமில்லை, எளிதில் வெளியே வருவதுமில்லை. நொதியத்தின் வேலை தாமதிக்கிறது. சர்க்கரை குதித்து எழாமல் மெல்ல ஏறுகிறது. இவ்வளவுதான் சங்கதி. இதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் யப்பானியர். கியோட்டோ மருந்தியற் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மசாயுகி யோஷிகாவாவும் அவர்தம் குழுவினரும் 1997ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டு சலசினோல் என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டே அதனினும் பெரிய இன்னொரு மூலக்கூறு கிடைத்தது. அதற்குக் கொத்தலனோல் என்று பெயர். பின்னர் 2008இல் வெளியான மற்றொன்றின் பெயர் பொன்கொரனோல். வாசகர்கள் இப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். ஒன்றிலே சிங்களக் கிராமத்தானின் குரல் கேட்கிறது. மற்றொன்றிலே தமிழ் வைத்தியரின் குரல் கேட்கிறது. பெயரளவிலே இரு இனத்தாருக்கும் சம உரிமை கிடைத்துவிட்டது! பெயருக்கு அப்பால் ஏதும் கிடைத்ததா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

யப்பானியர் கொள்ளையடித்தார்கள் என்று கூக்குரலிட நாம் இதனை எழுதவில்லை. அவர்கள் உழைத்தார்கள், கண்டார்கள், கண்டதை உலகறிய அச்சிட்டார்கள். நமது மனத்தை உறுத்துவது வேறொன்று. கியோட்டோவில் அது கண்டுபிடிக்கப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1985இல், பேராதனைப் பல்கலைக்கழகத்து இரசாயனவியலாளர் வி. குமாரும் அவருடன் சேர்ந்தவர்களும் இதே கொடியினத்திலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்து உலகின் தாவர இரசாயனச் சஞ்சிகையில் வெளியிட்டிருந்தனர். 1996இல் தனபாலசிங்கம், கருணாரத்ன, குணதிலக ஆகியோர் யப்பானிய அறிஞர் இருவருடன் கூடி இதே கொடியைப் பற்றி மறுபடியும் எழுதினர். அதாவது, கொடி எம்மவர் மேசைமேல் கிடந்தது. ஆராயத் தெரிந்த அறிவும் எம்மவரிடம் இருந்தது. ஆயினும் அவர்கள் தேடியது டிரைத்தர்பீன் என்னும் இனத்தை. அவ்வினம் எண்ணெய்ப் பாங்கானது, நீரிற் கரையாது. அன்றைய இயற்கைப் பொருள் இரசாயனம் உலகெங்கும் அத்தகைய பொருள்களையே பெரிதும் நாடிற்று. ஆகவே அவர்களைக் குறைகூறுதல் முறையாகாது. ஆனால் சலசினோல் இருந்ததோ நீரில் கரையும் பகுதியிலே!

குவளையில் ஊற்றுவது நீர். எண்ணெயன்று, சாராயமன்று, நீர். மருந்து நீரில் இறங்குகிறது என்ற செய்தியைக் கிராமத்துக் கிழவி ஒவ்வோர் இரவும் தன் கையால் சொல்லிக்கொண்டே இருந்தாள். பேராதனைக்கு அது எட்டவில்லை, கியோட்டோவுக்கு எட்டியது. அந்தக் கிழவியையும் விஞ்ஞானியையும் ஒரே திண்ணையில் அமர்த்த இந்நாட்டில் எவரும் முயலவில்லை. விஞ்ஞானி ஆங்கிலத்தில் எழுதினார். வைத்தியர் ஏட்டைப் பூட்டி வைத்தார். அரசாங்கமோ இருவரையும் வெவ்வேறு திணைக்களத்தின் கீழ் வைத்துவிட்டு உறங்கியது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அக்கதை எம்மைப் பற்றியது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்?

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். இம்மூலிகை குறித்த ஆக்கவுரிமை ஒன்று 2002இல் ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்டது. பெற்றது தக்காமா சிஸ்டம் என்னும் யப்பானியக் கம்பனி. ஒரு காலத்தில் புகைப்படச் சுருள் விற்ற புஜிபிலிம் கம்பனி இன்று சலேசியாச் சாறு கலந்த வில்லைகளை விற்கிறது. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மரியோ பின்ற்றோவின் ஆய்வுக்கூடம் கொத்தலனோலின் முழு வடிவத்தையும் நிறுவி, செயற்கையாகவே அதனைச் செய்து காட்டியது. 2009இல் வெளிவந்த அக்கட்டுரையில் முதலாவதாக நிற்கும் பெயர் ஜெயகாந்தன். தமிழன் அறிவில் குறைந்தவன் என்று எவரும் சொல்லமுடியாது. அவ்வறிவு எந்த நாட்டு முகவரியில் இருந்து வெளிப்படுகிறது என்பதே கவலை.

இத்தீவிலே ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டோம். 1984இலேயே கொழும்பு ஆய்வாளர்கள் நாட்டு மூலிகைகள் பலவற்றை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, சர்க்கரையைத் தணிக்கும் ஆற்றலை அளந்தார்கள். 2005இல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் மேலானது. நீரிழிவாளர் 51 பேருக்கு மூன்று மாதம் கொத்தல ஹிம்புட்டுத் தேநீரும் மூன்று மாதம் வெறுந்தேநீரும், எது எதுவென்று கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாதபடி கொடுத்துப் பார்த்தனர். ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில், வெறுந்தேநீர்க் காலத்தில் 6.65 ஆக நின்ற எண் மூலிகைக் காலத்தில் 6.29 ஆக இறங்கியது. பெரிய இறக்கமன்று, ஆனால் நேர்மையான இறக்கம். இத்தகைய சோதனைகள் பத்து நடந்திருந்தால், ஆயிரம் பேரிடம் ஐந்து ஆண்டு நடந்திருந்தால், இன்று உலகம் நம்மிடம் வந்து கேட்டிருக்கும். ஒன்றோடு நின்றால் அது ஒரு கட்டுரையாகவே நிற்கும்.

முதுமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். சலசினோல் அடக்கும் அதே நொதியத்தை அடக்கும் மருந்தொன்று ஏற்கெனவே கடைகளில் உண்டு. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஜேர்மனியின் பேயர் கம்பனி எடுத்த அகார்போஸ் அது. 1990இல் சந்தைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவகத்தின் திட்டமொன்றில் மூன்று வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் சுண்டெலிகளுக்கு உணவோடு இதனைக் கலந்து கொடுத்தன. 2014இல் வெளியான முடிவின்படி ஆண் எலிகளின் இடைநிலை ஆயுள் 22 வீதம் கூடியது; பெண் எலிகளுக்கு 5 வீதமே கூடியது. சர்க்கரை குதித்து எழும் ஒவ்வொரு முறையும் உடலின் புரதங்களில் அது ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது. முதுமையில் இரத்தக்குழாயும் கண்ணும் சிறுநீரகமும் கெடுவதில் அதற்குப் பங்குண்டு. ஆகவே குதிப்பை அடக்கும் மருந்து முதுமை ஆய்வாளரின் கண்ணிற் பட்டதில் வியப்பில்லை.

எலி மனிதனன்று என்பதையும் உடனே சொல்லிவிடுகிறோம். சீனாவில் இருதய நோயும் சர்க்கரைத் தளம்பலும் உடையோர் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவரிடம் அகார்போஸைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு புதிதாக வருவது 18 வீதம் குறைந்தது. ஆனால் மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. சேர்டுயின் என்னும் நொதியங்களைத் தூண்டினால் என்றும் இளமை என்று ஆரவாரித்த காலமும் இருந்தது. அவ்வாரவாரத்தை நம்பி 2008இல் 72 கோடி டொலர் கொடுத்து ஒரு சிறு கம்பனியை வாங்கிய பெரிய மருந்துக் கம்பனி, ஐந்து ஆண்டில் அதனை இழுத்து மூடியது. நாளை கண்டிச் சந்தையில் எவராவது பொன்கொரண்டிப் பொடியைப் போத்தலில் அடைத்து நூறாண்டு வாழலாம் என்று கூவினால் அவரை நம்பவேண்டாம்.

ஆனால் ஒரு தீவின் மண்ணிலிருந்து உலகின் மருந்து எழுந்த கதை ஒன்று உண்டு. அதனை நம்மவர் அறிதல் நன்று. பசிபிக் கடலின் நடுவேயுள்ள ஈஸ்டர் தீவுக்கு 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கப்பலேறிச் சென்றது. அங்கே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து, மொன்றியல் நகரில் ஒரு மருந்துக் கம்பனியில் பணிபுரிந்த சுரேந்திர நாத் சேகல் என்னும் இந்தியர் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தீவின் சுதேசப் பெயரான ராப்பா நூய் என்பதிலிருந்து அதற்கு ராப்பமைசின் எனப் பெயர் வந்தது. கம்பனி தன் ஆய்வுக்கூடத்தை மூடியபோது சேகல் அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். 1999இல் அது சிறுநீரக மாற்றுச் சிகிச்சை மருந்தாயிற்று. உடல் வளர்ச்சியை ஆளும் ஒரு நொதியத்தை அது அடக்குகிறது என்று பின்னர் தெளிந்தது. 2009இல் முதிய எலிகளின் ஆயுளையும் அது நீட்டியதெனக் கண்டார்கள். இன்று முதுமை ஆய்வில் முதல் வரிசையில் நிற்கும் மருந்து அது. ராப்பா நூய் மக்களுக்கு அதில் என்ன பங்கு? பெயர் ஒன்றுதான். பொன்கொரனோலும் அந்த வழியே போகவேண்டுமா?

நீரிழிவு எம்மிடம் எங்ஙனம் பரவியுள்ளது என்பதை எவரும் தம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் எடுத்த சுகாதார, முதுமைக் கணிப்பில் வளர்ந்தோருள் 23 வீதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. அதாவது நால்வரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் இருந்தனர். அதன்பின் அத்தொகை ஏறியே வந்திருக்கிறது. தோட்டத்திலே நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த தாய், கால் மரத்துப்போய் இலயத்து வாசலில் அமர்ந்திருக்கிறாள். யாழ்ப்பாணத்து ஆசிரியரும் கொழும்புக் கணக்காளரும் மட்டக்களப்பு வேளாளரும் பையில் மாத்திரையோடு நடக்கிறார்கள். இந்த மாத்திரைகளிற் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. கடல் வழி அடைபட்டால் என்னாகும் என்பதை 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை கண்டது. டொலர் இல்லை, மருந்து இல்லை என்று நாள் குறித்த சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைக்கும்படி அங்கே நேர்ந்தது. அச்செய்தி டெல்லி வரைக்கும் எட்டியது.

அதே பேராதனையிலே மருத்துவ பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலேயை இந்நாடு எளிதில் மறத்தலாகாது. மருந்தைக் கம்பனிப் பெயரால் அன்றிப் பொருளின் பெயரால் வாங்கவேண்டும், ஏழைக்கு எட்டும் விலையில் கொடுக்கவேண்டும் என்று வாதாடி, 1971இல் அமைந்த அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை முதல்வராக நின்று நடத்தியவர் அவர். பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. வாங்கும் வழியை அவர் காட்டினார். ஆக்கும் வழியைக் காட்டவேண்டிய தலைமுறை இன்னும் எழவில்லை.

ஆக்குவதற்கு வேண்டியவை எவை? கண்டியைச் சுற்றி ஒரு நாள் நடந்தால் எல்லாவற்றையும் கண்ணாற் காணலாம். மகாவலியின் வளைவிலே 1821 முதல் நிற்கும் பேராதனைத் தாவரவியற் பூங்கா. கன்னொறுவையிலே பயிர் வித்துகளைக் காக்கும் நிலையமும் விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுக்கூடங்களும். ஹந்தானைச் சரிவிலே 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகம். அதன் மறுபுறத்திலே பல்கலைக்கழகம், மருத்துவ பீடம், விவசாய பீடம். கூப்பிடு தூரத்தில் இரண்டு பெரிய வைத்தியசாலைகள். கொடி வளர்ப்பவரும் பொருள் பிரிப்பவரும் நோயாளியைப் பார்ப்பவரும் ஒரே பஸ் வண்டியிலே போகிறார்கள். ஒருவரையொருவர் அறியாமல் இறங்கிப் போகிறார்கள். இவர்களை இணைக்கக் கோடிக்கணக்கில் கட்டடம் வேண்டியதில்லை. ஆனால் தேசிய வருமானத்தில் 0.1 வீதத்தைச் சுற்றியே ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் அரசாங்கம், மூலிகை விழாவுக்கு மேடை போடுவதோடு கடமை முடிந்ததென்று கருதுகிறது.

விவசாயிகளுக்கு ஒரு சொல். இக்கொடியின் வேரையும் தண்டையும் காட்டிலே வெட்டி எடுப்பது தொடர்ந்தால் கொடியே அற்றுப்போகும். வேரை எடுத்தால் செடி போயிற்று. மறுபடி தண்டு வைரம் பாய ஆண்டுகள் பல செல்லும். ஆனால் இலையிலும் சர்க்கரையைத் தணிக்கும் தன்மை உண்டென யப்பானிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வேரின் வலிமை இலைக்கு எவ்வளவு வரும், எந்தப் பருவத்து இலையில் அது மிகும், மிளகும் கறுவாவும் பலாவும் கலந்து நிற்கும் கண்டி வீட்டுத்தோட்டத்தில் இக்கொடி எந்த நிழலில் செழிக்கும் என்பவற்றைக் கன்னொறுவை சோதித்துச் சொல்லட்டும். இலைதான் மருந்து என்று தேறிவிட்டால், இலை பறிப்பதில் இந்த மலைநாட்டுத் தமிழ் உழைப்பாளிகளை வெல்ல எவருளர்? இருநூறு ஆண்டாகப் பிறர் தோட்டத்து இலையைப் பறித்த கைகள் அவை. தரிசாய்க் கிடக்கும் தோட்டக் காணிகளிலே அவர்களுக்கு உறுதியோடு நிலம் கொடுத்து, நாற்றும் கொடுத்து, வாங்குவதற்கு நிலையான விலையும் கூறினால், இது அவர்கள் சொந்தப் பயிராகும். நிலம் கொடாமல் நாற்று மட்டும் கொடுத்தால் இன்னொரு துரைக்கு இன்னொரு தோட்டம், அவ்வளவே.

ஆய்வாளருக்கும் ஒரு வேண்டுகோள். மக்களிடம் சோதனை நடத்தும்போது தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழிலேயே விளக்கிச் சம்மதம் பெறுக. ஒப்பமிடும் பத்திரம் தன் மொழியில் இல்லாத தாய் எதற்குச் சம்மதித்தாள் என்று கடவுளுக்கும் தெரியாது. மூலிகைத் தேநீர்ப் பெட்டியின் மேலும் தமிழ் இருக்கவேண்டும்; ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டால் எவர் படிப்பர்? பொன்கொரண்டி வேர்ச்சாறு கொடுத்த கருவுற்ற எலிகளின் கரு சிதைந்ததாக 2003இல் இலங்கை ஆய்வாளர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே கருவுற்ற பெண்கள் இதனைத் தொடலாகாது. வைத்தியர் கொடுத்த மாத்திரையோடு இதனையும் சேர்த்துப் பருகுவோருக்குச் சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். வைத்தியரிடம் சொல்லியே பருகவேண்டும். மாத்திரையை எறிந்துவிட்டுக் குவளையை மட்டும் நம்புவது அறியாமை.

அடுத்த வரவுசெலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வரும்போது கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களின் உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், எழுந்து மூன்று வினாக்களைக் கேட்கட்டும். பொன்கொரண்டியின் சோதனைப் பயிருக்குக் கன்னொறுவைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது? ஹந்தானையும் பேராதனை மருத்துவ பீடமும் சேர்ந்து நடத்தும் நீண்டகாலச் சோதனைக்கு எவ்வளவு? அதிலிருந்து மருந்தொன்று பிறந்தால் கொடியை வளர்த்தவருக்கும் அந்த அறிவைக் காத்த கிராமத்துக்கும் எத்தனை பங்கு என்று எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது? அமைச்சர் எழுந்து சொல்லும் விடையைச் சொல்லுக்குச் சொல் இப்பக்கத்தில் அச்சிட நாம் காத்திருக்கிறோம்.